ஐக்கிய அமெரிக்காவில் ஓட்டிசமும் சமஷ்டிச் சட்டவாக்கமும் – ஒரு வரலாற்று நோக்கு

சமூகத்தில் நலிவுற்றோருக்கான சட்டங்களின் வரலாறு பெரும்பாலும் அரசினது கருணையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சட்டம் இயற்றப்பட்ட ஆண்டு, அதில் ஒப்பமிட்ட சனாதிபதியின் பெயர், ஒதுக்கப்பட்ட தொகை ஆகியவற்றை வரிசைப்படுத்திவிட்டால் வரலாறு நிறைவுற்றதாகக் கருதும் மனப்பாங்கு இன்னும் முற்றாக நீங்கிவிடவில்லை. ஆயின், எந்தச் சட்டத்துக்கும் அது இயற்றப்படுவதற்கு முந்திய வரலாறொன்று உண்டு. அச்சட்டத்தை வேண்டி நின்றோர் யாவர், அவர்கள் ஏன் அதுவரை கேட்கப்படாதிருந்தனர், எத்தகைய கருத்துக்களை வென்ற பின்னர் அவர்களது கோரிக்கை சட்டத்தின் மொழிக்குள் நுழைய முடிந்தது என்பன அவ்வரலாற்றின் வினாக்களாகும். ஓட்டிச நிலையுடையோர் தொடர்பாக ஐக்கிய அமெரிக்காவில் கடந்த அறுபது ஆண்டுகளில் எழுந்த சமஷ்டிச் சட்டங்களை இவ்வினாக்களின் அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறரோடு தொடர்பு கொள்ளுதல், மொழியைக் கையாளுதல், மாற்றங்களை ஏற்றுக்கொள்ளுதல், ஒலி, ஒளி, தொடுகை முதலிய புலனுணர்வுகளை உள்வாங்குதல் ஆகியவற்றில் சிறுபராயம் முதலே வேறுபட்டு அமையும் மூளை வளர்ச்சி நிலையே ஓட்டிசம் எனப்படுவது. தமிழில் மதியிறுக்கம் என்ற சொல்லும் இதற்கு வழங்குகின்றது. வாழ்நாள் முழுவதும் பேச்சு வாய்க்கப்பெறாதவர் தொடக்கம் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றோர் வரை பல திறத்தினர் இப்பெயரின் கீழ் அடங்குவர். இந்த அகலமே பின்னர் எழுந்த பல வாதங்களுக்கு அடிப்படையாக அமைந்தது என்பதை இங்கேயே மனங்கொள்ளுதல் நன்று.

சமஷ்டி என்ற சொல் எமது நாட்டு வாசகருக்குப் புதியதன்று. இனங்களுக்கிடையிலான அதிகாரப் பகிர்வு பற்றிய வாதங்களின் ஊடாகவே அதனை நாம் பெரிதும் அறிந்துள்ளோம். இங்கே அச்சொல் வேறொரு கோணத்திலிருந்து நோக்கப்படுகின்றது. அமெரிக்க அரசியலமைப்பில் கல்வி என்ற சொல்லே இடம்பெறவில்லை. கல்வி மாநிலங்களின் பொறுப்பாகவே இருந்து வந்துள்ளது. ஒரு மாநிலம் தன் பிள்ளைகளுள் ஒரு பகுதியினரைப் பாடசாலை வாசலில் திருப்பி அனுப்புமாயின், நடுவண் அரசாங்கம் அதனைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா? இவ்வினாவே சமஷ்டிச் சட்டத்தை நாடிப் பெற்றோரை வொஷிங்டனுக்கு இட்டுச் சென்றது.

1. குற்றஞ்சாட்டப்பட்ட பெற்றோர்

1943 ஆம் ஆண்டில் பல்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய உளமருத்துவர் லியோ கனர், எட்டு ஆண்பிள்ளைகளும் மூன்று பெண்பிள்ளைகளுமாகப் பதினொருவரைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையொன்றை வெளியிட்டார். ஓட்டிசம் தனியொரு நிலையாக மருத்துவ உலகுக்கு அறிமுகமானது அக்கட்டுரையின் மூலமேயாகும். அடுத்த ஆண்டில் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேகர் ஏறத்தாழ ஒத்த தன்மையுடைய பிள்ளைகளைப் பற்றி ஜேர்மன் மொழியில் எழுதினார். இந்நிலை பிறவியிலேயே அமைவது எனக் கனர் கருதினார். எனினும் அப்பிள்ளைகளின் பெற்றோர் உணர்ச்சிக் கனிவு குறைந்தவர்களாகக் காணப்பட்டனர் என்றும் அவர் எழுதியமை பெருந்தீங்குக்கு வழிவகுத்தது.

உளப்பகுப்பாய்வுக் கோட்பாடு அமெரிக்க உளமருத்துவத்தில் மேலோங்கியிருந்த காலம் அது. பிள்ளையின் ஒதுக்கம் தாயின் அன்பின்மைக்கு அளிக்கப்படும் எதிர்வினையே என்ற விளக்கம் விரைவில் நிலைபெற்றது. அன்னையர் குளிர்சாதனப் பெட்டிக்கு ஒப்பிடப்பட்டனர். சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சிறுவர் இல்லமொன்றை நடத்திய புறூனோ பெற்றல்ஹைம் 1967 இல் வெளியிட்ட நூலின் மூலம் இக்கருத்தைப் பொதுமக்களிடையே பரப்பினார். பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தலே சிகிச்சையின் முதற்படி என்பது அவர் சார்ந்த சிந்தனையின் போக்காகும்.

இக்கோட்பாட்டை மருத்துவத் தவறு என்று மட்டும் கொள்ளுதல் போதாது. அதற்கு ஓர் அரசியல் விளைவும் இருந்தது. நோயின் காரணம் வீட்டினுள்ளே இருக்குமாயின் பொறுப்பும் வீட்டினுடையதே. அரசுக்கோ பாடசாலைக்கோ அங்கு வேலையில்லை. பிள்ளைக்குக் கல்வி வேண்டும் என்று கேட்கும் தாய், அப்பிள்ளையின் நிலைக்குத் தானே காரணம் எனக் கருதப்படும்போது, கோரிக்கையாளராக அன்றிக் குற்றவாளியாகவே அதிகாரிகளின் முன் நிற்கின்றாள். ஆதலால் சட்டத்தை நோக்கிய பயணம் காரணம் பற்றிய விவாதத்திலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று.

அவ்விவாதத்தைத் தொடக்கியவர் பேர்னாட் றிம்லாண்ட் என்னும் உளவியலாளர். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய அவர் ஓட்டிச நிலையுடைய மகனொருவனின் தந்தை. 1964 இல் அவர் வெளியிட்ட நூல், தாயைக் குற்றஞ்சாட்டும் கோட்பாட்டுக்கு ஆதாரம் எதுவும் இல்லையென்பதைக் காட்டி, ஓட்டிசத்தின் வேர் உடலியலில் உள்ளது என வாதிட்டது. அதற்கு முன்னுரை வழங்கியவர் கனரே என்பது குறிப்பிடத்தக்கது. நூலைப் படித்த பெற்றோர் பலர் றிம்லாண்டுக்குக் கடிதம் எழுதினர். தனித்தனி வீடுகளில் வெட்கத்தோடு வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டமை இக்கடிதங்களின் விளைவாகும். 1965 இல் நியூ ஜேர்சி மாநிலத்தில் கூடிய பெற்றோர் ஓட்டிசப் பிள்ளைகளுக்கான தேசிய சங்கத்தை நிறுவினர். பின்னாளில் அமெரிக்க ஓட்டிசச் சங்கம் எனப் பெயர் மாறியது இதுவேயாகும். 1969 இல் அச்சங்கத்தின் மாநாட்டில் உரையாற்றிய கனர், பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக வெளிப்படையாகவே அறிவித்தார். நீதிமன்ற மொழியில் அமைந்த அவ்வறிவிப்பே, அதுவரை அவர்கள் இருத்தப்பட்டிருந்த இடம் எது என்பதைப் புலப்படுத்துகின்றது.

2. பாடசாலையின் கதவு

1954 இல் பிறவுண் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாடசாலைகளில் நிறவேற்றுமை பாராட்டுதல் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. கறுப்பின மக்களின் நெடும் போராட்டத்தின் பயனாகக் கிடைத்த அத்தீர்ப்பின் தர்க்கத்தை வலது குறைந்த பிள்ளைகளின் பெற்றோர் தமக்கும் உரியதாகக் கண்டனர். நிறத்தின் பெயரால் ஒரு பிள்ளையை ஒதுக்குதல் தவறாயின் இயலாமையின் பெயரால் ஒதுக்குதல் எங்ஙனம் சரியாகும் என்பதே அவர்களது வாதம். பென்சில்வேனியாவில் உளவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பெற்றோர் சங்கம் தொடுத்த வழக்கு 1971 இலும் 1972 இலும் ஏற்பட்ட இணக்கத் தீர்ப்புகளில் முடிந்தது. 1972 இல் கொலம்பியா மாவட்டத்தில் தீர்க்கப்பட்ட மில்ஸ் வழக்கில், நிதி போதாது என்ற காரணத்தின் சுமையை வலது குறைந்த பிள்ளைகள் மீது மட்டும் கூடுதலாகச் சுமத்தலாகாது என நீதிமன்றம் கூறியது.

நீதிமன்றத் தீர்ப்புகள் ஓரிடத்துக்கு உரியவை. நாடு முழுவதற்கும் பொதுவான விதியைக் காங்கிரசே வழங்க முடியும். 1975 நவம்பர் 29 ஆந் திகதி சனாதிபதி ஜெரால்ட் போர்ட் ஒப்பமிட்ட, வலது குறைந்த பிள்ளைகள் அனைவருக்குமான கல்விச் சட்டம் அத்தகைய பொது விதியாயிற்று. நாட்டில் வலது குறைந்த பிள்ளைகள் 80 இலட்சத்துக்கு மேற்பட்டோர் உள்ளனர் என்றும், அவர்களுள் அரைவாசிக்கு மேற்பட்டோர் தகுந்த கல்வி பெறவில்லை என்றும், 10 இலட்சம் பேர் பொதுப் பாடசாலையிலிருந்து முற்றாகவே விலக்கப்பட்டுள்ளனர் என்றும் அச்சட்டத்தின் முற்பகுதியே பதிவு செய்துள்ளது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசமான, தகுந்த பொதுக் கல்வி; பிள்ளைக்கென எழுத்தில் வரையப்படும் தனியாள் கல்வித் திட்டம்; இயன்றவரை ஏனைய பிள்ளைகளோடு சேர்ந்து கற்கும் வாய்ப்பு; பாடசாலையின் முடிவை எதிர்த்து முறையிடப் பெற்றோருக்கு உள்ள உரிமை ஆகியன அதன் தூண்களாகும். குற்றஞ்சாட்டப்பட்டிருந்த தாய், பத்தாண்டுகளுக்குள், தன் பிள்ளையின் கல்வித் திட்டத்தை வகுக்கும் மேசையில் சட்டப்படி இருக்கை பெற்றாள். இம்மாற்றத்தின் பருமை எளிதில் மதிப்பிடத்தக்கதன்று.

இச்சட்டத்துக்காக உழைத்த ஓட்டிசப் பெற்றோருள் ரூத் கிறைஸ்ற் சலிவன் முதன்மையானவர். தாதியாகப் பயிற்சி பெற்றவரும் எழுவரின் தாயுமான அவர், தேசிய சங்கத்தின் முதலாவது தெரிவுசெய்யப்பட்ட தலைவராவார். மேற்கு வேர்ஜீனியாவின் ஹன்ரிங்ரன் நகரிலிருந்து சங்கத்தின் தகவற் சேவையை அவர் நடத்தினார். எந்த மாநிலத்தில் எந்தப் பாடசாலை பிள்ளையை ஏற்கும், எந்த அலுவலருக்கு எதை எழுத வேண்டும் என்பன போன்ற வினாக்களுக்குப் பெற்றோருக்கு விடையளிப்பதே அதன் பணி. ஒரு குடும்பத்தின் துன்பம் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் மட்டுமே. பல மாநிலங்களிலிருந்தும் ஒரே துன்பம் திரட்டிக் காட்டப்படும்போதுதான் அது கொள்கைப் பிரச்சினையாகின்றது. சலிவன் செய்த பணியின் அரசியல் முக்கியத்துவம் இங்கேயே உள்ளது.

3. ஒரு சொல்லின் இடம்

சட்டம் இயற்றப்பட்டதோடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. சட்டத்தின் உள்ளே ஓட்டிசம் எங்கு வைக்கப்படுகின்றது என்ற வினா எழுந்தது. இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. எந்தப் பிரிவில் ஒரு பிள்ளை பதியப்படுகின்றதோ அந்தப் பிரிவுக்குரிய வகுப்பறை, அந்தப் பிரிவுக்குரிய ஆசிரியர், அந்தப் பிரிவுக்குரிய முறை ஆகியனவே அப்பிள்ளைக்குக் கிடைக்கும்.

1975 ஒக்ரோபரில் வளர்ச்சிசார் இயலாமைகள் பற்றிய சமஷ்டிச் சட்டம் திருத்தப்பட்டபோது, உளவளர்ச்சிக் குறைவு, மூளைவாதம், வலிப்பு ஆகியவற்றோடு ஓட்டிசமும் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டது. பெற்றோரின் வற்புறுத்தலால் கிடைத்த முதலாவது சட்ட அங்கீகாரம் எனலாம். ஆனால் கல்விச் சட்டத்தை நடைமுறைப்படுத்த 1977 இல் வெளிவந்த ஒழுங்குவிதிகள் ஓட்டிசத்தைக் கடுமையான மனவெழுச்சிக் குழப்பம் உடையோர் என்ற பிரிவின் கீழ் அடக்கின. மருத்துவ உலகில் தளர்ந்துகொண்டிருந்த பழைய குற்றச்சாட்டு, நிருவாக விதியொன்றின் வாயிலாக மீண்டும் உள்ளே நுழைந்தது. மனவெழுச்சிக் குழப்பம் என்றால் அதற்குக் காரணமான சூழல் எது என்ற வினா இயல்பாகவே குடும்பத்தை நோக்கித் திரும்பும் அல்லவா?

பெற்றோர் இதனை எதிர்த்தனர். 1981 இன் தொடக்கத்தில் ஓட்டிசம் அப்பிரிவிலிருந்து நீக்கப்பட்டு, பிற உடல்நலக் குறைபாடுகள் என்ற பிரிவுக்கு மாற்றப்பட்டது. ஒரு வரியின் மாற்றமே எனினும், இந்நிலையின் மூலம் குடும்ப உறவில் அன்றி உடலில் உள்ளது என்பதைச் சமஷ்டி அரசாங்கம் ஒப்புக்கொண்டதன் அடையாளமாக அது அமைந்தது. 1990 ஒக்ரோபர் 30 இல் அச்சட்டம் இயலாமையுடைய ஆட்களுக்கான கல்விச் சட்டம் எனப் புதுப்பெயர் பெற்றபோது ஓட்டிசம் தனிப் பிரிவாகவே இடம்பெற்றது. வலது குறைந்த பிள்ளைகள் என்று தொடங்கிய பெயர், இயலாமையுடைய ஆட்கள் என மாறியதும் அதே ஆண்டிலாகும். குறையை முன்வைத்த பெயர் ஆளை முன்வைக்கும் பெயராயிற்று.

தனிப் பிரிவு ஏற்பட்டதன் விளைவு எண்ணிக்கையில் தெரிந்தது. 1991–92 கல்வியாண்டில் ஓட்டிசம் என்ற பிரிவில் பாடசாலைகள் கணக்கிட்ட பிள்ளைகள் 5,000 பேருக்குச் சற்று மேற்பட்டோரே. முப்பது ஆண்டுகளின் பின் அத்தொகை 8 இலட்சத்தைத் தாண்டியது. இவ்வுயர்வை நோயின் பரவலாக மட்டும் கொள்வது வரலாற்றுப் பிழையாகும். முன்னர் பெட்டியே இல்லை. பெட்டி வைக்கப்பட்ட பின்னரே அதில் இடுதல் இயலும். அத்துடன் மருத்துவ வரையறை 1980 க்கும் 1994 க்கும் இடையில் படிப்படியாக விரிவடைந்தது. ஆசிரியரும் மருத்துவரும் இந்நிலையை இனங்காணக் கற்றனர். முன்பு வேறு பிரிவுகளில் பதியப்பட்டோர் இப்பிரிவுக்கு வந்தனர். சட்டம் தான் காணும் உலகை எண்ணுவதோடு அமையாது, எதை எண்ணலாம் என்பதையும் தீர்மானிக்கின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

4. வாக்குறுதியும் பணமும்

1975 ஆம் ஆண்டுச் சட்டம் சமஷ்டி அரசாங்கத்தினால் வழங்க இயலாததை வாக்களிக்கின்றது என ஒப்பமிட்டபோதே சனாதிபதி போர்ட் கூறினார். அவரது ஐயம் ஒருவகையில் மெய்யாயிற்று. ஒரு மாணவருக்கு நாடளாவிய ரீதியில் ஆகும் சராசரிச் செலவின் 40 வீதம் வரை, இயலாமையுடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் நடுவண் அரசு வழங்கும் என்பது அச்சட்டத்தின் எதிர்பார்ப்பு. அந்த எல்லை ஒருபோதும் எட்டப்படவில்லை. அண்மைக்கால ஆண்டுகளில் அது 15 வீதத்துக்கும் குறைவாகவே இருந்து வந்துள்ளது. எஞ்சிய சுமை மாநிலங்களின் மீதும் உள்ளூர்ப் பாடசாலை மாவட்டங்களின் மீதும் விழுந்தது. அவற்றின் வரிவருவாய் இடத்துக்கிடம் வேறுபடுவதால், ஒரே சட்டத்தின் கீழ் வாழும் இரு பிள்ளைகள் வெவ்வேறு தரமான கல்வியைப் பெற்றனர். உரிமையைப் பொதுவாக்குதல் வேறு, அவ்வுரிமையை நுகரும் வசதியைப் பொதுவாக்குதல் வேறு என்பது சமஷ்டி முறை பற்றி ஆராய்வோர் கருத்திற்கொள்ள வேண்டிய பாடமாகும்.

தகுந்த கல்வி என்பதன் பொருளும் நீதிமன்றங்களில் நெடுங்காலம் ஆராயப்பட்டது. 1982 இல் றௌலி வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைக்கு ஓரளவு கல்விப் பயன் கிடைத்தால் போதும், அதன் ஆற்றலை உச்ச அளவில் வளர்க்கும் கடப்பாடு இல்லை என்று கூறியது. இதனைச் சில கீழ் நீதிமன்றங்கள், மிகச் சொற்பப் பயன் இருப்பினும் போதும் என்ற அளவுக்குக் குறுக்கின. கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த ஓட்டிச நிலையுடைய மாணவன் ஒருவனின் பெற்றோர் தொடுத்த வழக்கிலேயே, 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அக்குறுகிய விளக்கத்தை நிராகரித்தது. பிள்ளையின் சூழ்நிலைக்கேற்ற முன்னேற்றத்தை அடையத்தக்கதாகக் கல்வித் திட்டம் அமைய வேண்டும் என்பது தீர்ப்பு. சட்டம் இயற்றி நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அதன் ஒரு பெயரடைக்காக ஒரு குடும்பம் உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தமை கவனிக்கத்தக்கது.

பாடசாலைச் சட்டத்தின் காப்பு ஏறத்தாழ 21 வயதோடு முடிவடைகின்றது. அதன் பின்னர் வாழ்நாள் முழுவதும் தேவைப்படும் துணைக்கு, அத்தகைய உறுதியான உரிமை எதுவும் இல்லை. 1981 இல் ஏற்பட்ட திருத்தத்தின் மூலம், வறியோர் மருத்துவத் திட்டமான மெடிக்கெயிட் நிதியைப் பெருநிறுவனங்களில் மட்டுமன்றி வீட்டிலும் சமூகத்திலும் வழங்கப்படும் சேவைகளுக்குப் பயன்படுத்த மாநிலங்களுக்கு வழி பிறந்தது. ஆயினும் இடங்களின் தொகையை மாநிலங்கள் வரையறுக்கலாம் என்பதால், பல்வகை இயலாமையுடையோர் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காத்திருப்போர் பட்டியல்களில் இடம்பெறும் நிலை உருவாயிற்று.

சேமிப்பின் கதையும் இதனோடு தொடர்புடையது. வறிய இயலாமையுடையோருக்கான சமஷ்டி உதவிப்பணம் பெறுபவர் 2,000 டொலருக்கு மேல் சேமித்து வைத்தல் ஆகாது என்ற வரம்பு 1989 முதல் உயர்த்தப்படாது நின்றது. தமக்குப் பின் பிள்ளையின் கதி என்ன என்று அஞ்சும் பெற்றோர், பிள்ளையின் பெயரில் பணம் வைப்பதே பிள்ளையின் உதவியைப் பறிக்கும் என்ற முரண்பாட்டுக்கு உள்ளாயினர். டவுண் நோய்க்குறியுடைய பிள்ளைகளின் பெற்றோர் தொடக்கிய முயற்சியில் ஓட்டிச அமைப்புகளும் இணைந்தன. 2014 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், 26 வயதுக்கு முன் இயலாமை ஏற்பட்டோர் தனிச் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கவும், அதில் முதல் 1 இலட்சம் டொலர் வரம்பிற் சேராதிருக்கவும் வழிசெய்தது. அவ்வயதெல்லையை 2026 ஜனவரி முதல் 46 ஆக உயர்த்தப் பின்னர் விதி செய்யப்பட்டது.

5. போர் என்னும் உருவகம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் புதிய தலைமுறைப் பெற்றோர் களத்துக்கு வந்தனர். முந்தியோர் பாடசாலைக் கதவைத் தட்டினர். இவர்கள் ஆய்வுகூடத்தின் கதவைத் தட்டினர். ஓட்டிசத்துக்கு மாற்று மருந்து காண வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது இவர்களது முதன்மைக் கோரிக்கை. 2000 ஆம் ஆண்டின் சிறுவர் நலச் சட்டம் ஆய்வு நிலையங்களுக்கும், ஓட்டிசத்தின் பரம்பலைக் கணக்கிடும் பணிக்கும், அரசுத் திணைக்களங்களை இணைக்கும் குழுவொன்றுக்கும் வழிவகுத்தது. 2000 ஆம் ஆண்டில் எட்டு வயதுப் பிள்ளைகள் 150 பேருக்கு ஒருவர் என்றும், 2022 ஆம் ஆண்டில் 31 பேருக்கு ஒருவர் என்றும் வெளியிடப்பட்ட மதிப்பீடுகள் இக்கணக்கெடுப்பின் பயனாகும்.

தொலைக்காட்சி நிறுவனத் தலைவராயிருந்த பொப் றைற்றும் அவர் மனைவி சுசானும் பேரர் ஒருவரின் நிலையறிந்து 2005 இல் தொடங்கிய ஓட்டிசம் ஸ்பீக்ஸ் என்னும் அமைப்பு பெரும் நிதிவளத்தோடு இயங்கியது. செனற்றர்கள் றிக் சன்ரோறம், கிறிஸ் டொட் ஆகியோர் முன்வைத்த ஓட்டிச எதிர்ப்புச் சட்ட மூலத்தை 2006 ஓகஸ்டில் செனற் சபை ஏகமனதாக நிறைவேற்றியது. ஆனால் பிரதிநிதிகள் சபையில் உரிய குழுவின் தலைவராயிருந்த ஜோ பார்ட்டன், குறித்த நோய்களுக்கெனச் சட்டத்தாலேயே ஆய்வு நிதியைப் பிரித்து வைக்கலாகாது என்ற நிலைப்பாட்டில் அதனை நிறுத்தி வைத்தார். அவரது வாதம் முற்றிலும் பொருளற்றதன்று. ஒவ்வொரு நோய்க்கும் குரல் வன்மை மிக்கோர் தனி ஒதுக்கீடு பெறுவராயின் குரலற்றோரின் நோய்கள் என்னாகும் என்ற வினா அதனுள் இருந்தது. பெற்றோரின் இடையறாத அழுத்தத்தின் பின் இணக்கம் ஏற்பட்டு, 2006 டிசம்பர் 19 இல் சனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் அதில் ஒப்பமிட்டார். ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 94½ கோடி டொலர் செலவிட அச்சட்டம் அதிகாரமளித்தது. எனினும் செலவுக்கு அதிகாரமளித்தல் பணம் வழங்குதலாகாது. ஒவ்வோராண்டும் ஒதுக்கீட்டுச் சட்டத்தின் மூலம் பணத்தைத் தனியாகவே பெற வேண்டும். மேலும் இச்சட்டத்தின் முக்கிய பகுதிகள் காலவரையறை உடையவை. 2011, 2014, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் இதே போராட்டம் மீண்டும் மீண்டும் நடத்தப்பட வேண்டியதாயிற்று.

இக்காலத்தில் நேர்ந்த ஒரு திசைதிருப்பத்தையும் குறிப்பிடாது விடலாகாது. 1998 இல் பிரித்தானிய மருத்துவ இதழான லான்செற்றில் வெளிவந்த கட்டுரையொன்று தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பிருப்பதாகச் சந்தேகத்தைக் கிளப்பியது. பின்னர் நிகழ்ந்த விரிவான ஆய்வுகள் அத்தொடர்பை மறுத்தன; 2010 இல் அவ்விதழே கட்டுரையை மீளப்பெற்றது. ஆனால் அதற்கிடையில் பெற்றோர் இயக்கத்தின் பேராற்றலும் பொதுப்பணமும் ஆண்டுக்கணக்கில் அதில் செலவாயின. பழைய குற்றச்சாட்டினால் காயமுற்ற சமூகம் புதிய குற்றவாளியைத் தேடியதில் வியப்பில்லை. எனினும் வளர்ந்தோருக்கான இல்லம், தொழில், துணை ஆகியவை பற்றிய வினாக்கள் அக்காலமெல்லாம் பின்தள்ளப்பட்டன.

6. தாமே பேசத் தொடங்கியோர்

இதுவரை கூறிய வரலாற்றில் ஓட்டிச நிலையுடையோர் பேசப்பட்டனரேயன்றிப் பேசவில்லை. 1993 இல் ரொறன்ரோ நகரில் நடந்த மாநாட்டில் ஓட்டிச நிலையுடையவரான ஜிம் சின்கிளயர் பெற்றோரை நோக்கி ஆற்றிய உரை இந்நிலையை மாற்றியது. எதிர்பார்த்த பிள்ளை கிடைக்கவில்லையே என்ற துயரத்தை, உயிரோடு எதிரே நிற்கும் பிள்ளைக்கான இரங்கலாக்க வேண்டாம் என்பது அவ்வுரையின் சாரம். 2006 இல் அரி நீமன் முதலியோர் தொடங்கிய ஓட்டிசத் தன்னுரிமை அமைப்பு இக்குரலைச் சட்டமன்றத்துக்குக் கொண்டு சென்றது. ஓட்டிச எதிர்ப்பு என்ற சட்டத் தலைப்பின் ஆங்கிலச் சொல் போரிடுதல் என்ற பொருளையும் உடையது. தம் இருப்பின் பிரிக்க முடியாத பகுதியொன்றின் மீது நாடு போர் தொடுப்பதாகச் சட்டமே கூறுவது முறையோ என அவர்கள் வினவினர்.

2014 ஓகஸ்டில் அச்சட்டம் புதுப்பிக்கப்பட்டபோது போர் என்னும் சொல் தலைப்பிலிருந்து அகன்றது. கூட்டுழைப்பு, பொறுப்புக்கூறல், ஆய்வு, கல்வி, ஆதரவு ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துக்கள் சேர்ந்து கேர்ஸ் என, அதாவது பராமரிப்பைக் குறிக்கும் சொல்லாகப் புதிய தலைப்பு அமைந்தது. அச்சட்டம் 130 கோடி டொலருக்கும், 2019 ஆம் ஆண்டுச் சட்டம் 180 கோடி டொலருக்கும், 2024 டிசம்பரில் சனாதிபதி ஜோ பைடன் ஒப்பமிட்ட சட்டம் ஏறத்தாழ 195 கோடி டொலருக்கும் ஐந்தாண்டு அதிகாரம் அளித்தன. 2019 இல் பிள்ளைகள் என்ற எல்லை கடந்து வாழ்நாள் முழுவதும் என்ற கருத்துச் சேர்க்கப்பட்டது. இத்தொகைகளினும் முக்கியமான எண் வேறொன்றுண்டு. அரசுத் திணைக்களங்களை இணைக்கும் ஆலோசனைக் குழுவில் ஓட்டிச நிலையுடையோர் குறைந்தது ஒருவர் இருத்தல் வேண்டும் என 2006 ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 2014 இல் அது இருவராயிற்று. 2019 இல் மூவராயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று என்ற இவ்வளர்ச்சி சிறிதே. ஆயினும் ஒரு மக்கட் பிரிவினர் ஆய்வுப் பொருள் என்ற நிலையிலிருந்து ஆலோசகர் என்ற நிலைக்கு நகர்ந்ததை அது அளந்து காட்டுகின்றது.

தண்டனை முறைக்கு எதிரான போராட்டமும் இவர்களாலேயே முன்னெடுக்கப்பட்டது. நடத்தையைத் திருத்துவதற்கென மின்னதிர்ச்சி வழங்கும் கருவிகளை 2020 இல் உணவு, மருந்து நிருவாகம் தடை செய்தது. 2021 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று அந்நிருவாகத்துக்கு அத்தகைய அதிகாரம் இல்லையெனத் தடையை நீக்கியது. 2022 டிசம்பரில் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி அவ்வதிகாரத்தைத் தெளிவாக்கியது.

இப்புதிய குரலை எல்லாப் பெற்றோரும் வரவேற்றனர் எனக் கூற முடியாது. பேச்சின்றியும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டும் இரவு பகலாகக் காவல் வேண்டி நிற்கும் பிள்ளையின் தாய், மேடையில் தெளிவாகப் பேசும் ஒருவர் தன் பிள்ளையின் பிரதிநிதியாக முடியுமா என்று கேட்கின்றாள். அக்கேள்வியை அலட்சியம் செய்தல் தகாது. அதேவேளை, பெற்றோரும் பிள்ளையல்லர். பிள்ளையின் நலமும் பெற்றோரின் களைப்பும் எப்போதும் ஒன்றாகவே இருப்பதில்லை. பேசாதோரும் எழுத்துப் பலகை, கருவி, சைகை ஆகியவற்றால் தம் விருப்பை உணர்த்த வல்லவர் என்பதைத் தன்னுரிமையாளர் சுட்டிக் காட்டினர். இரு சாராரும் ஒன்றுபட்ட இடங்களும் உண்டு. ஆய்வுப் பணத்தின் மிகச் சிறு பங்கே வளர்ந்தோரின் வாழ்க்கைக்கும் சேவைக்கும் செலவிடப்படுகின்றது என்ற முறைப்பாட்டை இருவரும் எழுப்பியுள்ளனர்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று கருத்துக்கள் புலனாகின்றன. முதலாவது, சட்டம் மாறுவதற்கு முன் குற்றஞ்சாட்டும் கோட்பாடு வீழ்த்தப்பட வேண்டியிருந்தது. தாய் குற்றவாளியாய் இருந்தவரை பிள்ளை உரிமையாளனாக முடியவில்லை. இரண்டாவது, சட்டப் புத்தகத்தில் ஒரு சொல் வைக்கப்படும் இடம் மக்களின் வாழ்வைத் தீர்மானிக்கும். 1977 க்கும் 1990 க்கும் இடையில் ஓட்டிசம் என்ற சொல் மூன்று பிரிவுகளுக்கு இடம்பெயர்ந்த வரலாறு அதற்குச் சான்று. மூன்றாவது, பிறருக்காகப் பேசுவோரின் வெற்றி, எவருக்காகப் பேசப்பட்டதோ அவர்கள் தாமே பேசும் நிலை உருவாகும்போதுதான் நிறைவுறும்.

பெற்றோர் இயக்கத்தின் சிறப்பை இம்மூன்றாவது கருத்துக் குறைத்துவிடுவதில்லை. பாடசாலைக் கதவு 1975 இல் திறக்கப்படாதிருந்தால், பின்னாளில் சட்டமன்றத்தின் முன் நின்று போர் என்ற சொல்லை எதிர்த்தவர்களுட் பலருக்கு அதனை எழுதும் எழுத்தறிவே கிடைத்திராது. தாயர் திறந்த கதவின் வழியாகவே பிள்ளைகள் வந்து அத்தாயரோடு வாதிட்டனர். அவ்வாதம் இன்னும் முடியவில்லை. ஐந்தாண்டுக்கொருமுறை காலாவதியாகும் சட்டமும், 40 வீதத்தை எட்டாத நிதியும், 21 வயதில் நின்றுவிடும் உரிமையும் அதற்கு இடமளித்துக்கொண்டேயிருக்கின்றன. சட்டத்தின் வரலாற்றைக் கற்கும் மாணவர், ஒப்பமிட்டோரின் பெயர்களோடு நின்றுவிடாது, ஒப்பத்துக்கு முன் கடிதம் எழுதியோரையும், ஒப்பத்துக்குப் பின் காத்திருப்போர் பட்டியலில் நிற்போரையும் தேடிச் செல்வாராயின், சமூக வரலாறு என்ற கல்வித்துறை தன் பெயருக்குத் தகுதியுடையதாகும்.